இரண்டு சிறுவர்; ஒரு வாத்தியம்

திருவேற்காட்டிலும் மாங்காட்டிலும் கோயில் திருவிழா என்றால், முன்பெல்லாம் இரவில் இன்னிசைக் கச்சேரி இருக்கும். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று சுற்று வட்டாரத்து மக்கள் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். பாய் விரித்து உட்காருவார்கள். குழந்தைகள் தாயின் மடியிலேயே தூங்கிப்போகும்.

மேடையின் நடு இடம் பாடகருக்கு. அவர் பக்கத்தில் ஆர்மோனியக்காரர், தபேலாக்காரர். சற்றுத் தள்ளி கிதார்க்காரர். எல்லோருக்கும் பின்னால், ஒரு மூலையில், சின்னஞ்சிறு தந்தி வாத்தியம் ஒன்றை மார்போடு அணைத்தபடி ஒருவர் இருப்பார். பாடகர் ஒரு வரி பாடிவிட்டு மூச்சு வாங்குவார் அல்லவா? அந்த இடைவெளியில் இவர் நாலு சுரம் வாசிப்பார். அவ்வளவுதான் அவர் வேலை.

அந்த வாத்தியத்தின் பெயர் மாண்டலின்.

மூலையில் இருந்த அந்த வாத்தியத்தை மேடையின் நடுவுக்குக் கொண்டு வந்தவர்கள் இருவர். ஒருவர் அமெரிக்காவில் பிறந்தார். மற்றவர் ஆந்திராவில் பிறந்து சென்னையில் வாழ்ந்தார். இருவரும் சிறுவராக இருந்தபோதே அதைக் கையில் எடுத்தார்கள்.

அமெரிக்கரின் பெயர் பில் மன்றோ. மற்றவரின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவர்தான் மாண்டலின் சீனிவாஸ்.

கடைக்குட்டிக்கு மிஞ்சியது

அண்ணன் ஓட்டிய சைக்கிள் தம்பிக்கு வரும். அக்காள் கட்டிய பாவாடை தங்கைக்கு வரும். நம் வீடுகளில் இது வழக்கம். அமெரிக்காவிலும் இதே கதைதான்!

அமெரிக்காவில் கெண்டக்கி என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே ரோசின் என்ற சிற்றூர் அருகே, 1911-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி பில் மன்றோ பிறந்தார். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். இவர்தான் கடைக்குட்டி. கண் பார்வையும் சரியில்லை.

வீட்டில் எல்லோருக்கும் பாட்டில் ஆசை. ஓர் அண்ணன் பிடிலை எடுத்துக்கொண்டார். இன்னோர் அண்ணன் கிதாரை எடுத்துக்கொண்டார். இரண்டும் நல்ல வாத்தியங்கள். தம்பிக்கு என்ன மிஞ்சியது? யாரும் விரும்பாத மாண்டலின்தான் மிஞ்சியது.

மாண்டலினுக்கு எட்டுத் தந்திகள். இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஆக, நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒரே சுரம் பேசும். இரண்டு தந்திகள் ஒன்றாகப் பேசுவதால் சத்தம் எடுப்பாக இருக்கும்.

அண்ணன்மார் என்ன செய்தார்கள் தெரியுமா? நாலு தந்தியைக் கழற்றிவிட்டு, மிச்சம் நாலு தந்தியில் மட்டும் வாசிக்கும்படி தம்பிக்கு உத்தரவு போட்டார்கள். தம்பியின் சத்தம் தங்கள் சத்தத்துக்கு மேலே எழும்பக் கூடாதாம்!

தாய்மாமன் வீடு

சிறுவனுக்குப் பத்து வயதானபோது தாய் இறந்தாள். பதினாறு வயதில் தந்தையும் இறந்தார். அவருக்குக் கதவு திறந்தது தாய்மாமன் வீடு.

மாமன் பெயர் பென்டில்டன் வாண்டிவர். ஊரெல்லாம் அவரை 'பென் மாமா' என்று அழைக்கும். அவர் பிடில் வாசிப்பதில் கெட்டிக்காரர். கிராமத்து நடன விருந்துகளுக்கு அவரைக் கூப்பிடுவார்கள். அவர் பிடில் வாசிப்பார். மருமகன் பக்கத்தில் நின்று கிதார் வாசிப்பான். சுருதியும் தாளமும் மன்றோவின் ரத்தத்தில் ஊறியது அந்த நாட்களில்தான். பின்னாளில் அந்த மாமன் பெயரிலேயே ஒரு பாட்டுக் கட்டி, அவரை உலகத்துக்கு அறிமுகம் செய்தார்.

அந்த வட்டாரத்தில் இன்னொரு வித்துவானும் இருந்தார். அர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினத்தவர். கிதாரில் மகா நிபுணர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பெஞ்சியில் உட்காராத காலம் அது. ஆனாலும் சிறுவன் மன்றோ அவருடன் சேர்ந்து வாசித்தான்; அவருடைய பாணியை உற்றுக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டான்.

நீலப்புல் சங்கீதம்

1939-ம் ஆண்டு மன்றோவும் அவருடைய கோஷ்டியும் நாஷ்வில் நகரத்து ரேடியோவில் இடம் பிடித்தார்கள். அமெரிக்கக் கிராமத்து ஜனங்கள் சனிக்கிழமை இரவு தவறாமல் கேட்கும் நிகழ்ச்சி அது.

கெண்டக்கிக்கு 'நீலப்புல் மாநிலம்' என்று செல்லப் பெயர் உண்டு. ஆங்கிலத்தில் நீலப்புல்லை 'புளூகிராஸ்' என்பார்கள். சொந்த ஊர்ப் பாசத்தில் மன்றோ தம் கோஷ்டிக்குப் 'புளூகிராஸ் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார்.

அந்தக் கோஷ்டியில் மேளம் கிடையாது. மாண்டலின், கிதார், பிடில், பாஞ்சோ, பெரிய வயிற்றுத் தந்தி வாத்தியம் ஒன்று, அவ்வளவுதான். கிதார்க்காரர் தாளத்தைத் தாங்கிப் பிடிப்பார். மாண்டலின் நடுவில் நிற்கும். ஒருவர் மாற்றி ஒருவர் முன்னே வந்து வாசித்துவிட்டுப் பின்னே போவார்கள். வேகமோ வேகம்! காட்டாற்று வெள்ளம் போல் ஓடும்.

1945-ல் லெஸ்டர் பிளாட் என்ற கிதார்க்காரரும், எர்ல் ஸ்கிரக்ஸ் என்ற பாஞ்சோக்காரரும் வந்து சேர்ந்தார்கள். பிறகு கேட்கவேண்டுமா? மற்ற கோஷ்டிகளும் அதே பாணியில் வாசிக்கத் தொடங்கின. நாளடைவில் கோஷ்டியின் பெயரே அந்தச் சங்கீதத்துக்கும் பெயராகிவிட்டது. இன்று உலகம் முழுவதும் 'புளூகிராஸ்' என்று சொல்லும் இசை அதுதான்.

சத்தம் கேட்கக் கூடாது என்று நாலு தந்தியைக் கழற்றினார்களே, அந்தத் தம்பிதான் 'புளூகிராஸ் சங்கீதத்தின் தந்தை' என்று பெயர் பெற்றார்.

கோதாவரிக் கரைச் சிறுவன்

இனி நம் நாட்டுச் சிறுவனைப் பார்ப்போம்.

ஆந்திராவில் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் பாலக்கொல்லு என்று ஓர் ஊர். அங்கே 1969-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சீனிவாஸ் பிறந்தார். தந்தை பெயர் சத்தியநாராயணா. அவர் கிளாரினெட் வித்துவான்.

வீட்டில் ஒரு மாண்டலின் இருந்தது. ஒரு நாள் சிறுவன் அதை எடுத்துத் தட்டிப் பார்த்தான். அப்போது அவனுக்கு வயது ஐந்தோ ஆறோ இருக்கும். விளையாட்டுப் பொருளாகத்தான் எடுத்தான். ஆனால் கீழே வைக்க மனம் வரவில்லை!

வேறு தகப்பனாக இருந்தால் என்ன செய்திருப்பார்? உடைத்துவிடப் போகிறான் என்று பிடுங்கி வைத்திருப்பார். அல்லது, தம்முடைய கிளாரினெட்டைக் கற்கச் சொல்லியிருப்பார். சத்தியநாராயணா இரண்டையும் செய்யவில்லை. பிள்ளையின் கையைப் பார்த்தார். புது மாண்டலின் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். தாமே பாடமும் தொடங்கினார். வாசு ராவ் என்ற கிதார்க் கலைஞர் சிறுவனுக்கு மேல்நாட்டு இசையைச் சொல்லிக் கொடுத்தார்.

மாண்டலின் தெரியாத குரு

அடுத்து ஒரு குரு கிடைத்தார். அவர் பெயர் ருத்ரராஜு சுப்பராஜு. செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அந்தக் குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது!

பிறகு எப்படிப் பாடம் நடந்தது? குரு வாயால் பாடுவார். சிறுவன் அதைக் காதால் வாங்கி, மாண்டலினில் தேடுவான். விரலை எங்கே வைப்பது, தந்தியை எப்படி இழுப்பது என்று காட்டிக் கொடுக்க ஆள் இல்லை. குருவின் குரல் எப்படி வளைகிறதோ, அப்படியே தந்தியும் வளையவேண்டும். வரும் வரையில் விடக் கூடாது.

இந்தக் குறையே நிறையாகிவிட்டது. விரலைப் பார்த்துக் கற்றிருந்தால், சிறுவன் ஒரு மாண்டலின்காரனாக வந்திருப்பான். குரலைக் கேட்டுக் கற்றதால், மாண்டலினில் பாடுகிறவனாக வந்தான்.

கஷ்டம் என்ன?

மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசிப்பதில் அப்படி என்ன கஷ்டம்?

நம் சங்கீதத்துக்கு உயிர் கமகம். ஒரு சுரத்தை ஆட்டி, அசைத்து, அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போவதுதான் கமகம். தாய் தாலாட்டுப் பாடும்போது குரல் எப்படிக் குழைகிறது? நாதசுரத்தில் தோடி ராகம் எப்படி நெளிகிறது? அதுதான்.

வீணையில் நீளமான தந்தி. மெட்டுகளுக்கு நடுவே இடமும் உண்டு. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் வளைந்துகொடுக்கும். மாண்டலினில் தந்தி குட்டை. முறுக்கும் அதிகம். மெட்டுகள் நெருக்கம். தட்டியவுடன் 'டிணிங்' என்று எழும்பும் நாதம், மறு நொடியே செத்துவிடும். செத்துப்போன நாதத்தை எப்படி வளைப்பது?

இன்னொரு தொல்லை, இரட்டைத் தந்தி. இரண்டையும் சேர்த்து இழுக்கும்போது இரண்டும் ஒரே அளவு வளையாது. ஒன்று ஒரு சுரம் பேசும். மற்றது வேறு சுரம் பேசும். காது கூசும்.

சீனிவாஸ் இதற்கு வழி கண்டார். இரட்டைத் தந்திகளை விட்டார். ஐந்து ஒற்றைத் தந்திகளைக் கட்டினார். மரப் பெட்டி மாண்டலினுக்குப் பதில் மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டார். மின்சாரம் சேர்ந்ததும், தட்டிய நாதம் உடனே சாகாமல் நின்றது. நின்ற நாதத்தை விரல் அசைத்தது. கமகம் பிறந்தது!

பாருங்கள் விந்தையை! கெண்டக்கியில் அண்ணன்மார் இரட்டைத் தந்தியைக் கழற்றியது, தம்பியின் சத்தத்தை அடக்க. கோதாவரிச் சிறுவன் இரட்டைத் தந்தியைக் கழற்றியது, வாத்தியத்தைப் பாட வைக்க.

மணலியில் நடந்தது

மேல்நாட்டு வாத்தியம் நம் சங்கீதத்துக்கு வருவது இது முதல் தடவை அல்ல. இன்று பிடில் இல்லாமல் கச்சேரி உண்டா? அந்தப் பிடிலும் கடல் கடந்து வந்ததுதான்.

சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன், சென்னைக்கு வடக்கே மணலியில் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் தங்கியிருந்தது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர். இங்கிலீஷ்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பிடில் மேல் மோகம் பிறந்தது. ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்றார். நம் ராகங்களை அதில் வாசித்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது! அன்று புதுமையாக இருந்தது, இன்று நம் வீட்டுப் பொருளாகிவிட்டது.

மாண்டலினின் நாலு சுரமும், மேல்நாட்டுப் பிடிலின் நாலு சுரமும் ஒன்றே. பிடில் வந்த வழியில் அதன் தம்பி வர இத்தனை ஆண்டுகள் ஆயின.

சென்னையில் சோதனை

1978-ல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனை விழா நடந்தது. ஒன்பது வயதுச் சிறுவன் மேடையேறினான். அதுவே அரங்கேற்றம்.

பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. சென்னை சபாக்களில் பெயர் எடுப்பது லேசான காரியமா? முன் வரிசையில் உட்காருகிறவர்கள் தாளம் போட்டுக்கொண்டே தப்பைப் பிடிப்பவர்கள். சினிமாப் பாட்டுக்கு வாசிக்கும் வாத்தியத்தில் தியாகராஜர் கீர்த்தனையா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

1981-ம் ஆண்டு டிசம்பர் மாதம். இந்தியன் பைன் ஆர்ட்ஸ் சபையின் சங்கீத விழா. சீனிவாசுக்கு அப்போது வயது 12. பொடிப் பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மாண்டலினை மடியில் சாய்த்துக்கொண்டான். சிரித்த முகத்தோடு வாசிக்க ஆரம்பித்தான்.

கண்ணை மூடிக் கேட்டவர்களுக்கு மாண்டலின் மறந்துபோயிற்று. ராகம்தான் தெரிந்தது. அன்று முதல் சென்னை அவரைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. மார்கழி தோறும் அவர் கச்சேரிக்குக் கூட்டம் முண்டியடித்தது. இளம் வயதிலேயே தமிழக அரசின் ஆஸ்தான வித்துவான் ஆனார். அவருடைய இசைநாடாக்கள் வீடு வீடாகப் போயின. காலையில் காப்பி மணத்தோடு மாண்டலின் நாதமும் சேர்ந்து வந்த வீடுகள் எத்தனையோ!

கடல் கடந்த புகழ்

1983-ல் பதினான்கு வயதில் ஜெர்மனிக்குப் போனார். மேற்கு பெர்லின் நகரத்து ஜாஸ் விழாவில் வாசித்தார். ராகம் என்றால் என்னவென்று தெரியாத ஜனங்கள் கை தட்டித் தீர்த்தார்கள். 1992-ல் பார்சிலோனாவில் ஒலிம்பிக் பந்தயத்தை ஒட்டி நடந்த கலை விழாவிலும் வாசித்தார்.

ஜான் மெக்லாலின் என்ற ஆங்கிலேயர் உலகம் புகழும் கிதார் வித்துவான். தபேலா மேதை ஜாகிர் உசேனுடன் சேர்ந்து அவர் நடத்திய 'ரிமெம்பர் சக்தி' கோஷ்டியில் சீனிவாஸ் சேர்ந்தார். கஞ்சிரா வாசித்தவர் சென்னை செல்வகணேஷ். கிதார் ஒரு கேள்வி கேட்கும். மாண்டலின் பதில் சொல்லும். மாண்டலின் கேட்கும், கிதார் சொல்லும். மூலையில் இருந்த வாத்தியம், கிதாரோடு சரிக்குச் சரி உட்கார்ந்து பேசியது!

1998-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது தந்தது. 2009-ம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருதும் கிடைத்தது. புகழ் ஏற ஏற அவர் தலை குனிந்தே இருந்தது. மேடையில் அதே சிரிப்பு. அதே அடக்கம்.

உடைந்ததும், ஒட்டியதும்

மன்றோவிடம் ஒரு மாண்டலின் இருந்தது. 1923-ல் செய்தது. 1940-களில் புளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் அதைப் பார்த்தார். 150 டாலர் கொடுத்து வாங்கினார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அதுதான் அவர் கையில்.

1985-ல் அவர் வீட்டில் இல்லாத சமயம் யாரோ உள்ளே புகுந்தார்கள். இரும்புக் கம்பியால் அந்த மாண்டலினைச் சுக்கு நூறாக அடித்துப் போட்டார்கள். நூறு துண்டுகளுக்கு மேல்! அதைச் செய்த கம்பெனியின் தச்சர்கள் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டினார்கள். அது மீண்டும் பாடியது. கிழவர் அதையே வாசித்தார். 1996-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, 85 வயது நிறைய நான்கே நாள் இருக்கும்போது காலமானார்.

மரத்தை ஒட்டலாம். மனிதனை?

2014-ல் சீனிவாசின் கல்லீரல் பழுதாகிவிட்டது. மாற்றுக் கல்லீரல் பொருத்தினார்கள். தேறிவிடுவார் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஆனால் செப்டம்பர் 19-ந் தேதி சென்னையில் அந்த நாதம் அடங்கிவிட்டது. வயது 45 தான்! மேடை ஏறி 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. மற்ற வித்துவான்கள் முதிர்ந்து கனியும் வயதில், இவர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுப் போய்விட்டார். சேதி கேட்டுக் கண்ணீர் விடாத ரசிகர் இல்லை.

மிஞ்சியது என்ன?

ஒன்பது வயதில் சீனிவாஸ் மேடையேறியபோது, கர்நாடக சங்கீத மாண்டலினுக்கு முன்னோர் என்று காட்ட அவருக்கு ஆள் இல்லை. அவர் போனபோது அப்படி இல்லை. தம்பி ராஜேஷ் இருந்தார். அண்ணனிடமே கற்று, அண்ணனோடு ஜோடியாக வாசித்தவர். சீடர்களும் இருந்தார்கள். மாண்டலினில் கீர்த்தனை என்றால் இன்று யாரும் முகம் சுளிப்பதில்லை.

பாலக்கொல்லுச் சிறுவனுக்குக் குருவின் குரலைத் தவிர வழிகாட்டி இல்லை. இன்று மாண்டலின் கற்கும் சிறுவனுக்கு, விரலை எங்கே வைப்பது என்று காட்டிக் கொடுக்க ஆள் உண்டு. சீனிவாஸ் விட்டுச்சென்ற சொத்து இதுதான்.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு தொழிலாளி வீடு. சம்பளம் வந்ததும் அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சரியாகப் போய்விடும். அங்கே கடைக்குட்டி ஒருவன், யாருக்கும் வேண்டாம் என்று பரண் மேல் போட்ட பழைய வாத்தியத்தை இறக்கித் தட்டிப் பார்க்கிறான். சத்தம் தலைவலியாகத்தான் இருக்கும். நாலு தந்தியைக் கழற்றத்தான் தோன்றும்.

கழற்றும் முன் ஒரு நிமிடம், அவன் விரலைப் பாருங்கள்!